பாய் ஆரம்பமும் அரைப் பாயிண்டும்

திருவொற்றியூர் டோல்கேட் அருகே எண்ணூர் போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் ஸ்டாண்டில் ஒரு நீலப் பலகை உண்டு. மேலே சங்கக் கொடியின் படம். அதன் கீழே வெள்ளைப் பெயிண்டில் ஓட்டுநர்களின் பெயர்கள். முதல் பெயர் ஜுபைர், ஸ்டாண்டின் தலைவர். கடைசிப் பெயர் மதி. கன்னியம்மாவின் பெயர் அதில் கிடையாது. அவர் அங்கே வண்டி போட ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆறு என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். பெர்மிட்டைப் பார்த்தேன், ஐந்துதான்.

பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். காலையில் வண்டிகள் நிற்பது பலகையில் உள்ள வரிசைப்படி. பெயர் இல்லாத வண்டி வால். எண்ணூர் போய்த் திரும்பிய வண்டிகூடப் பலகையைக் கைகாட்டிவிட்டு அந்த வாலுக்கு முன்னால் நுழைந்துகொள்ளலாம். ஆக, கன்னியம்மா விடிந்ததும் வந்து நின்றாலும் அவருடைய முதல் சவாரி வெயில் ஏறிய பிறகுதான்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. எர்ணாவூர் குடியிருப்பில் வீடு. கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆட்டோவுக்கு வருவதற்கு முன் கன்னியம்மா ஒரு துணி கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தார். அங்கே மிஷினில் உட்கார்ந்தால் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். மறுநாளே வேலையை விட்டுவிட்டார். ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் அவர்கள் இறங்கும்வரை பேசலாம், யாரும் சட்டம் போட முடியாது என்பது அவர் இந்தத் தொழிலுக்கு வந்த காரணங்களில் முக்கியமானது.

பெயர் விஷயமாக ஜுபைரிடம் அவர் மாதம் ஒரு முறையாவது சண்டை போடுவார். ஜுபைர் கெட்டவர் அல்ல. ஒரு பெண்ணின் பெயர் பலகையில் ஏறினால் பக்கத்து ஸ்டாண்டுக்காரர்கள் கேலி செய்வார்கள் என்று அவருக்கு ஒரு கூச்சம். அதை வெளியே சொல்லாமல் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெய்ண்டர் ஊருக்குப் போயிகீறான்மே."

"அவன் போயி ரெண்டு பொங்கலாச்சு பாய். அங்கியே கல்யாணம் கட்டிக்கினு புள்ளையும் பெத்துட்டான்."

"போர்டுல எடம் இல்ல."

"மதிக்குக் கீழ ஒரு லாரியே நிறுத்தலாம்."

"அது கொடிக்கம்பத்து நெழலு வுழுற எடம். எழுதுனாலும் தெரியாது."

"நெழலு தெனம் சாயங்காலம் போயிடுது பாய். உன் சாக்குதான் போவ மாட்டேன்னுது."

காத்திருக்கும் நேரத்தில் அந்த ஸ்டாண்டில் செஸ் ஆடுவார்கள். வடசென்னையில் மூலைக்கு மூலை கேரம்தான். ஆனால் கேரம் பலகையைப் போட அங்கே இடம் போதாது. செஸ் பலகையை ஆட்டோவின் பின் சீட்டிலேயே விரித்துவிடலாம். கறுப்பு யானை ஒன்று எப்போதோ சாக்கடையில் விழுந்துவிட்டதால் அதன் இடத்தில் ஒரு ஸ்பார்க் பிளக் நிற்கிறது.

அவர்கள் ஆடும் முறையைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் நடுவே தன் வண்டிக்குச் சவாரி வந்துவிட்டால் ஆடுபவர் எழுந்து போய்விடுவார். வரிசையில் அடுத்து நிற்பவர் அந்த இடத்தில் உட்கார்ந்து, அதே காய்களோடு தொடர்வார். ஆள் மாறலாம், ஆட்டம் நிற்காது. சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகச் சில சலுகைகளும் உண்டு. முதல் நகர்த்தலில் இரண்டு சிப்பாய்களைச் சேர்த்துத் தள்ளலாம். இதுவரை செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, குதிரையைப் போலத் தாண்டலாம். இந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் பலரும் இப்படித்தான் ஆடினார்கள். ஜுபைர் மட்டும் தான் கண்டுபிடித்ததாகச் சொல்வார்.

வரிசையில் முதல் ஆள் என்பதால் தினமும் ஆட்டத்தைத் தொடங்குவது ஜுபைர். எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளுவார், ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளுவார், காலியான அந்த மூலையோரக் கட்டத்துக்கு ராஜாவை ஒரே தாவலில் கொண்டுபோய் ஒளித்துவிடுவார். இதற்கு ஸ்டாண்டில் 'பாய் ஆரம்பம்' என்று பெயர். கன்னியம்மா வால் வண்டி. அவர் கைக்கு ஆட்டம் வரும்போது பாதிக் காய்கள் போயிருக்கும். ஐந்து வருடத்தில் அவர் எத்தனையோ ஆட்டங்களை முடித்துவைத்திருக்கிறார்; தொடங்கியது அபூர்வம். யாரோ தொடங்கி யாரோ கெடுத்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவதில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை. முழுதாக அடுக்கிய பலகையைக் கண்டால்தான் கொஞ்சம் திகைப்பார்.

இந்த நிலையில்தான் மதி ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தான். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று போட்டிருந்தது. மற்றவர்கள் படித்துவிட்டு அதில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிந்தார்கள். கன்னியம்மா மட்டும், "நான் போறேன்" என்றார்.

ஜுபைர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது.

"நீயா? ஆட்டத்த ஆரம்பிக்கவே ஒனக்கு ஒரு ஆளு வேணும்மே!"

"போய்க் காட்டறேன் பாய்."

"போ. போயி உக்காந்து ஆடி ஒரே ஒரு ஆட்டம் கெலிச்சுக்கினு வா. உன் பேர நானே எழுதறேன். கீழ இல்ல, மேல. எம் பேருக்கு மேல! எல்லாரும் கேட்டுக்குங்கப்பா."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அன்றைக்கு அதைவிட நல்ல வேலை எதுவும் இல்லை.

போட்டிக்கு முன் மதி அவருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு சிப்பாயைச் சேர்த்துத் தள்ளக் கூடாது. தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும். விதிகள் அச்சிட்ட தாளின் முதல் பக்கத்தை மட்டும் அவன் படித்திருந்தான். மறுபக்கத்திலும் அச்சிட்டிருந்ததை அவன் பார்க்கவில்லை.

அந்தப் போட்டியில் முடிவுகளை எழுதிவைக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் மண்டபத்தில் நடந்ததை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்டாண்டில் நடந்ததைக் குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

மொத்தம் ஐந்து சுற்று. முதல் சுற்றில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கன்னியம்மாவைத் தோற்கடித்தாள். கை குலுக்கும்போது "நல்லா ஆடினீங்க ஆன்ட்டி" என்றாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். இரண்டாவது சுற்றிலும் தோல்வி. மூன்றாவது சுற்றில் ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்ததால், கடைசியில் இருந்த அவருக்கு எதிராளி கிடைக்கவில்லை. அப்படி ஆனால் ஆடாமலே ஒரு பாயிண்ட் தருவது வழக்கம். உடனே ஸ்டாண்டுக்கு போன் போட்டார்.

"பாய், ஒரு பாயிண்ட் வந்துச்சு! பெய்ண்ட எடு."

"யார கெலிச்ச?"

"யாரையும் இல்ல. ஆளு பத்தல. சும்மா குட்தாங்க."

"காலி வண்டிய ஓட்டிக்கினு போயி சவாரி அட்ச்சேன்னு சொல்லுவியா? செல்லாது. உக்காந்து ஆடணும்னு சொல்லிகீறேன்."

நான்காவது சுற்றிலும் தோல்வி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம்.

அதில் எதிரே வந்து உட்கார்ந்தவர் செங்குட்டுவன். முப்பது வயதைத் தொடாதவர், வங்கியில் வேலை, போட்டிகளில் நல்ல தரவரிசை உள்ளவர். கடைசி மேஜைக்கு வர வேண்டிய ஆளே அல்ல. ஆனால் அன்று காலை அவர் வந்த ரயில் பேசின் பிரிட்ஜ் தாண்டாமல் நின்றுவிட்டதால் முதல் சுற்றைத் தவறவிட்டார். அந்தக் கோபத்தில் இரண்டாவது ஆட்டத்தைத் தோற்றார். மூன்றாவதில் ஜெயித்து, நான்காவதில் மறுபடி தோற்றார். கன்னியம்மாவைப் போலவே ஒரு பாயிண்ட். அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது.

"ரயிலு எங்க நின்னுச்சு தம்பி?"

"பேசின் பிரிட்ஜ்."

"அங்க நிக்காத ரயிலு ரயிலே இல்ல. வூட்லயே சொல்லிட்டு வந்துர்க்கணும்."

நடுவர் நவ்ரீன் தூரத்திலிருந்தே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். புதுப்பேட்டைக்கும் புழலுக்கும் கேட்கும் குரல் உள்ள கன்னியம்மா, அன்று காலையிலிருந்து மூன்றாவது முறையாக வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளைக் காய்கள் கன்னியம்மாவுக்கு. நான்கு சுற்று பயந்து பயந்து ஆடியது போதும், இனி தெரிந்ததை ஆடுவோம் என்று நினைத்தாராம். தெரிந்த தொடக்கம் ஒன்றுதான். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். செங்குட்டுவனும் அப்படியே தள்ளினார். குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். செங்குட்டுவன் ஒரு குதிரையை வெளியே எடுத்தார். கன்னியம்மா ராஜாவைத் தூக்கி, ஸ்டாண்டில் தினமும் பார்த்த அதே தாவலில், காலியான மூலையோரக் கட்டத்தில் வைத்து, கடிகாரத்தையும் அழுத்திவிட்டார்.

செங்குட்டுவன் பலகையைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். நவ்ரீன் வந்தார்.

"அக்கா, ராஜா குதிரை மாதிரி போகாது."

"ஒரே ஒரு தடவதானம்மா? அவரு இன்னும் செக்கே வாங்கலியே."

"ஒரு தடவைகூடப் போகாது. இது விதிமீறல். அவருக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா தரேன். இன்னொரு தடவை இப்படிச் செய்தா ஆட்டமே தோல்வி."

"சரி, வுடு. ராஜா எடத்துலயே குந்தட்டும். மந்திரிய நவுத்தறேன்."

"தொட்டாச்சு அக்கா. ராஜாவைத்தான் நகர்த்தணும்."

"எங்க நவுத்தறது? சுத்தி நம்ம ஆளுங்களே நின்னுகினு கீறாங்க."

"அதை நான் சொல்லக் கூடாது."

அந்த நிலையில் ராஜாவுக்கு இருந்தது ஒரே கட்டம், நேர் முன்னால். கன்னியம்மா பெருமூச்சு விட்டு ராஜாவை அங்கே வைத்தார். ராணியின் வழியையும் ஒரு மந்திரியின் வழியையும் அடைத்துக்கொண்டு, மணலி ரோட்டில் குறுக்கே நின்றுவிட்ட இரும்பு லாரியைப் போல வெள்ளை ராஜா நடுவே நின்றது. மூன்றாவது நகர்த்தலில் ராஜாவை இப்படி வெளியே கொண்டுவருவதைவிட மோசமான தொடக்கம் சில இருக்கலாம். நான் தேடிப் பார்த்ததில் அதிகம் கிடைக்கவில்லை.

ஆனால் செங்குட்டுவனுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. இணையத்தில் செஸ் ஆடுபவர்கள் எதிராளியைச் சீண்டுவதற்காகவே எடுத்த எடுப்பில் ராஜாவை வெளியே நடத்துவது உண்டு. உன்னை ஜெயிக்க எனக்கு ராஜாவுக்குக் காவலே தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். சும்மா அப்படி ஆடினால்கூடப் பொறுத்திருப்பார். இந்த அம்மா வேண்டுமென்றே தப்பாக ஒரு நகர்த்தல் செய்து, நடுவரை வரவழைத்து, நடுவர் வாயாலேயே "ராஜாவை நகர்த்து" என்று சொல்லவைத்து, அப்புறம் சிரிக்காமல் நகர்த்தியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கமான கேலியைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அவர் காது சிவந்தது. தன் நேரத்தில் கால்வாசியை அந்த ஒரு நகர்த்தலுக்குப் பதில் யோசிப்பதிலேயே செலவழித்தார்.

நிதானமாகக் காய்களை வெளியே எடுத்திருந்தால் அரை மணிக்குள் ஜெயித்து வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்கு அது போதவில்லை. அந்த ராஜாவை நடுப்பலகையில், எல்லோரும் பார்க்க, மடக்கிப் போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு மந்திரியைப் பலி கொடுத்து ராஜாவை இழுத்தார். ராஜா ஒரு கட்டம் நகர்ந்தது. ஒரு குதிரையைக் கொடுத்தார். ராஜா அதைத் தின்றுவிட்டு இன்னொரு கட்டம் போனது. செக் மேல் செக். கன்னியம்மாவுக்கு இதில் பயமே இல்லை. ஸ்டாண்டில் அவர் கைக்கு வரும் ராஜாக்கள் எல்லாம் இந்தக் கோலத்தில்தான் வரும். முன்னால் லாரி நின்றால் சந்தில் திருப்பி, சந்தில் தண்ணீர் நின்றால் பொந்தில் நுழைந்து எண்ணூர் போய்ச் சேருகிறவர் அவர். வெள்ளை ராஜா பலகையின் நடுவிலிருந்து ராணிப் பக்கமாக நடந்து, தன் சிப்பாய்களின் பின்னால் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. பாய் ஆரம்பத்தில் போவதற்கு நேர் எதிர் மூலை.

நடுவில் ஒரு தடவை, செக் வாங்கிய நிலையில், கன்னியம்மா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நவ்ரீன் கிட்டே வந்தார்.

"என்னக்கா வேணும்?"

"ஒண்ணுமில்ல. பழக்கதோஷம். சவாரி வந்துச்சோன்னு பார்த்தேன். வந்துருந்தா இந்த ஆட்டத்த யாரு தலையிலயாவது கட்டிட்டுப் போயிருப்பேன்."

செங்குட்டுவனிடம் கடைசியில் கொடுப்பதற்குக் காய் இல்லாமல் போனது. பதற்றத்தில் ராணிகளையும் தவறாக மாற்றிக்கொண்டார். இப்போது கன்னியம்மாவின் நேரம். ஒரு சிப்பாயை நடத்திக்கொண்டுபோய் ராணியாக்கினார். முதல் செக் சொல்லும்போது வாயாலேயே "பாம் பாம்" என்று ஹாரன் அடித்தார். ஸ்டாண்டில் செக் சொல்வது அப்படித்தான். செங்குட்டுவன் மறுபடி கையைத் தூக்கினார்.

"மேடம், இவங்க ஹாரன் அடிக்கிறாங்க."

நவ்ரீன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டு, "அக்கா, ஹாரன் அடிக்கக் கூடாது" என்றார். இந்த எச்சரிக்கையை ஒரு செஸ் போட்டியில் நான் வேறெங்கும் பதிவு செய்ததில்லை.

மற்ற மேஜைகள் எல்லாம் முடிந்துவிட்டதால் ஆடியவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். கூட்டத்தில் மதியும் இருந்தான். செங்குட்டுவனிடம் மிஞ்சியது ராஜாவும், எதிரே வெள்ளைச் சிப்பாய் மறித்து நிற்பதால் நகர முடியாத ஒரே ஒரு சிப்பாயும். கன்னியம்மாவிடம் ராணி இருந்தது. கறுப்பு ராஜாவை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளித் தள்ளி மூலைக்குக் கொண்டுபோனார். ராஜா மூலையில் போய் நின்றதும், ராணியைக் கொண்டுவந்து அதற்கு எந்தப் பக்கமும் வழியில்லாமல் நிறுத்தினார். பிறகு எழுந்து நின்று மண்டபம் அதிரச் சொன்னார்:

"முட்டுச்சந்து!"

செங்குட்டுவன் பலகையைப் பார்த்தார். அன்று முழுவதும் சிரிக்காதவர் முதல் முறையாகச் சிரித்தார்.

"டிரா, அக்கா."

"இன்னாது?"

நவ்ரீன் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். "ஆமாக்கா. சமம். ஆளுக்கு அரைப் பாயிண்ட்."

"அவரு ராஜா அசைய முடியாம நிக்கிறாரு. நான் ராணியோட நிக்கிறேன். எப்டிமா சமம்?"

"ராஜாவுக்குச் செக் இல்லையே. செக் இல்லாம, நகரவும் வழியில்லாம நின்னா ஆட்டம் சமம்."

"வூட்டுக்கு வெளிய பூட்டு போட்டாச்சு. உள்ள இருக்கறவன அடிக்கல, அதனால அவன் சுதந்திரமா கீறான்னு சொல்றியா?"

"விதி அப்படித்தான் அக்கா. தாளோட மறுபக்கத்துல போட்டிருக்கு."

கன்னியம்மா மெதுவாகத் திரும்பி மதியைப் பார்த்தார். மதி மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தான்.

ஸ்டாண்டில் அது தோல்விதான். நகர வழியில்லாமல் முட்டுச்சந்தில் மாட்டிய ராஜா தோற்ற ராஜா. செக்கே கொடுக்காமல் மடக்கியவருக்கு மரியாதை ஒரு படி அதிகம். ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தாலே அடுத்த சில நகர்த்தல்களில் முறையான வெற்றி கிடைத்திருக்கும். அவர் கௌரவமான வெற்றிக்கு ஆசைப்பட்டு அரைப் பாயிண்ட் வாங்கினார்.

செங்குட்டுவன் கிளம்பும்போது தயங்கி நின்றார். கோபம் போயிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அந்த ராஜா மூவ்... வேணும்னேதானே பண்ணீங்க?"

கன்னியம்மா ஒரு நொடி யோசித்தார்.

"பின்ன? அதுக்குப் பேரு பாய் ஆரம்பம். எங்க ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா எல்லாருக்கும் வராது."

செங்குட்டுவன் தன் போனில் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் மதிதான் வண்டியை ஓட்டினான். கன்னியம்மா வாய் திறக்கவில்லை. அது மதிக்குத் திட்டு வாங்குவதைவிடப் பயமாக இருந்தது. ஜுபைர் இரண்டு தடவை போன் செய்தார், கன்னியம்மா எடுக்கவில்லை. மதியின் போனுக்கு வந்தது. அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அகஸ்தியா பஸ் ஸ்டாப் தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாய் இப்ப எங்க?"

"எண்ணூர் சவாரி போயிகீறாரு."

"சரி. வேகமா வுடு. நீ வாயத் தொறந்த, அடுத்த சவாரி ஒனக்கு ஆஸ்பத்திரிக்குத்தான்."

ஸ்டாண்டுக்கு வந்ததும் அவர் நேராகப் போய்ப் பலகையை விரித்தார். மூலையில் கறுப்பு ராஜா, அதை மடக்கி வெள்ளை ராணி, அந்தப் பக்கம் வெள்ளை ராஜா, ஒன்றை ஒன்று முட்டி நிற்கும் இரண்டு சிப்பாய்கள். ஓட்டுநர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பாய் வரட்டும் என்றார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜுபைர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தோற்றுவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டார். குரலில் இரக்கமே வந்துவிட்டது.

"வுடுமே. போனியே, அதே பெரிசு. ஒரு டீ சாப்புடு."

"டீ இருக்கட்டும் பாய். இங்க ஒரு தகராறு. நீதான் தலைவரு, நீ சொல்லு. இது யாரு கெலிச்ச ஆட்டம்?"

ஜுபைர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். இந்த மாதிரித் தீர்ப்பு சொல்வதில் அவருக்கு மிகவும் பிரியம்.

"இதுல இன்னா தகராறு? வெள்ளதான். கறுப்பு முட்டுச்சந்துல நிக்குது."

"செக் இல்லியே பாய். சமம்னு ஒருத்தரு சொல்றாரு."

"எந்த சோமாறி சொன்னான்? நவுர முடியாதவன் தோத்தவன். போன வெள்ளிக்கெயம இதே மாதிரி மதியக் கட்னேனா இல்லியா? அன்னிக்கு இவன் சமம்னு சொன்னப்போ நான் வுட்டேனா?"

"வுடலியே" என்றான் மதி, மனதார.

"அப்ப வெள்ளதான் கெலிச்சுது?"

"மூணு தடவ சொல்லணுமா? வெள்ள, வெள்ள, வெள்ள!"

"ரொம்ப தேங்க்ஸ் பாய்" என்றார் கன்னியம்மா. "இது இன்னிக்கு மண்டபத்துல ஆடுன கடைசி ஆட்டம். வெள்ள நான்தான்."

ஜுபைர் மறுபடி குனிந்து பலகையைப் பார்த்தார். ஓட்டுநர்களில் ஒருவர் விசிலடித்தார். ஜுபைர் மெதுவாக நிமிர்ந்தார்.

"இரு, இரு. டபாய்க்காத. அங்க இன்னா குட்தாங்க?"

"அங்க இன்னா குட்தாங்கன்றத வுடு. நீ இன்னா குட்த?"

"மதி! அங்க இன்னா குட்தாங்கடா?"

மதி கன்னியம்மாவைப் பார்த்தான், ஆஸ்பத்திரியை நினைத்தான், ஆனாலும் தலைவர் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். "அரைப் பாயிண்ட்" என்றான்.

"அதானே பார்த்தேன்! அரைதான்! செல்லாது!"

அவ்வளவுதான், ஸ்டாண்டே எழுந்து நின்றது. இது கன்னியம்மாவின் மேல் உள்ள பாசம் மட்டும் அல்ல. இத்தனை வருடமாக முட்டுச்சந்தில் மாட்டி ஜுபைரிடம் தோற்ற ஒவ்வொருவரும், அவை எல்லாம் இனி சமமா என்று கேட்டார்கள். மண்டபத்து விதிதான் விதி என்றால் ராஜா தாவுவதும் செல்லாது. அப்புறம் பாய் ஆரம்பமே கிடையாது. அப்புறம் தலைவர் இதுவரை ஜெயித்த எந்த ஆட்டம் மிஞ்சும்? ஜுபைர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கமும் நகர வழியில்லை.

"பெய்ண்ட எடுங்கடா" என்றார்.

ஸ்டூல் போட்டு ஏறித் தன் கையாலேயே எழுதினார். சொன்னபடி தன் பெயருக்கு மேல், கொடிக்குக் கீழ், நெருக்கிக்கொண்டு. கையெழுத்து அவ்வளவு மோசமில்லை. 'கன்னி' என்று எழுதி முடித்ததும் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு இறங்கினார்.

"இன்னா பாய், நிறுத்திட்ட?"

"அரைப் பாயிண்டுக்கு அரைப் பேரு. நியாயம்னா நியாயம்."

எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவர் சண்டை போடவில்லை. தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேல கீதுல்ல? அது போதும்" என்றார்.

மறுநாள் காலை அவருடைய வண்டி வரிசையில் முதலில் நின்றது. ஜுபைர் பின்னால் நின்று ஹாரன் அடித்ததற்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையைக் கைகாட்டினார். அன்று அவருடைய முதல் சவாரி விடிந்ததும் கிளம்பியது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். பலகையில் இன்னும் பாதிப் பெயர்தான். இப்போது அதை முழுதாக எழுத ஜுபைர் துடிக்கிறார். இரண்டு தடவை பெயிண்டரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். கன்னியம்மா ஸ்டூலைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு எண்ணூர் போய்விட்டார். நான் பார்த்த அன்றும் ஜுபைர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மானம் போவுதுமே. ரெண்டு நிமிஷ வேல. எழுதிக்கினு போறேன்."

"முழுசா எழுதுனா உன் பேரு மாதிரியே ஆயிடும் பாய். யாரு கேப்பாங்க? பாதியா கீறதாலதான் வண்டியில ஏர்ற ஒவ்வொருத்தரும், இன்னாம்மா அது, பேரு பாதியில நிக்குதுன்னு கேக்குறாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"எண்ணூர் போற வரைக்கும் சொல்றேன்" என்றார் கன்னியம்மா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "தூரம் பத்தல பாய். நீ வெள்ள, வெள்ள, வெள்ளன்னு சொன்ன எடத்துக்கு வர்றதுக்குள்ள எறங்கிடறாங்க. இனிமே அத மொதல்லயே சொல்லிடலாம்னு கீறேன்."